கொடுத்த கையும் சுமந்த தோளும்



இராஜபாளையத்தை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில் அமைந்திருக்கிறது தளவாய்புரம். பெண்களுக்கான நைட்டி தைக்கும் தொழிலால் இன்று தமிழகம் எங்கும் அறியப்பட்ட ஊர் அது. ஆனால் வரலாறு படிப்போருக்கு அந்தப் பெயர் வேறொன்றையும் நினைவூட்டும். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டிய மன்னன் பராந்தக வீரநாராயணனின் நிலக்கொடையைக் கூறும் செப்பேடு, ‘தளவாய்புரச் செப்பேடு’ என்றே அழைக்கப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகியும் கொடுத்தவன் பெயர் அழியவில்லை. செம்பு அதைக் காத்து வைத்திருக்கிறது.

கொடுத்தவர் பெயரைக் காத்து வைப்பதில் நம் தமிழ் மண் என்றுமே குறை வைத்ததில்லை. 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த பெருவணிகர் செய்கு அப்துல் காதிர், இறந்த பின்னும் கொடுத்தவர் என்று பழமொழியாகவே ஆகிவிட்டார். ‘சீதக்காதி’ என்ற பெயரைக் கேட்டதும், மதம் எதுவானாலும், தமிழர் எவருக்கும் வள்ளன்மைதான் நினைவுக்கு வரும். இதில் நாம் பெருமை கொள்ளலாம், தவறில்லை.

ஆனால் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்! வள்ளல் கொடுத்த பொருளைச் சுமந்து சென்றவர் யார்? அளந்து போட்டவர் யார்? நடக்க முடியாத கிழவியின் குடிசை எந்தத் தெருவில் இருக்கிறது என்று அறிந்து, அங்கே கொண்டு சேர்த்தவர் யார்? அவர்களுடைய பெயர் எந்தச் செப்பேட்டிலும் இல்லை; எந்தப் பழமொழியிலும் இல்லை. எனினும் அந்தத் தோள்கள் இல்லாதிருந்தால், கொடுத்த கையின் கொடை பசித்த வாயை எட்டியிருக்காது.

இம்மாதம் நாம் பேசப்போவது அந்தத் தோள்களின் வரலாற்றைத்தான். பணத்தால் செய்யும் தர்மத்தைப் பற்றி ஆண்டு முழுதும் கேட்கிறோம். உடலாலும் நேரத்தாலும் செய்யும் தர்மத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. இன்று நம் ஊர்களில் உள்ள தொண்டு அமைப்புகள் பலவற்றில் குறைவாக இருப்பது பணம் மட்டுமன்று, ஆள்!

மக்காவில் ஓர் உடன்படிக்கை

நபித்துவத்திற்கு முந்திய மக்கா நகரம். யமன் நாட்டின் ஸபீதைச் சேர்ந்த வணிகர் ஒருவர் தம் சரக்குகளோடு வந்தார். குறைஷித் தலைவர்களுள் ஒருவரான ஆஸ் இப்னு வாயில் அவற்றை வாங்கிக்கொண்டார். விலையைக் கொடுக்க மறுத்தார். அந்நியரான அந்த வணிகருக்கு அவ்வூரில் குலமும் இல்லை, கூட்டமும் இல்லை. பல வீடுகளின் கதவைத் தட்டினார். எவரும் செவி சாய்க்கவில்லை. இறுதியில் அபூ குபைஸ் குன்றின் மீது ஏறி நின்று, கஅபாவின் அருகே கூடியிருந்த மக்களை நோக்கித் தமக்கு நேர்ந்த அநீதியை உரத்துக் கூவினார்.

அந்தக் குரல் சிலருடைய நெஞ்சைத் தைத்தது. நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தையான ஸுபைர் இப்னு அப்துல் முத்தலிப் எழுந்தார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் சில குலத்தார் கூடினர். மக்காவில் அநீதிக்குள்ளானவர் உள்ளூராராயினும் வெளியூராராயினும், அவருடைய உரிமை திரும்பக் கிடைக்கும் வரை அவருக்குத் துணை நிற்போம் என்று உறுதி பூண்டனர். பின்னர் ஆஸ் இப்னு வாயிலிடம் நேரில் சென்று வணிகரின் பொருளை மீட்டுக் கொடுத்தனர். ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ என வரலாறு குறிக்கும் உடன்படிக்கை இதுவே. அப்போது ஏறத்தாழ இருபது வயது இளைஞராக இருந்த நபி (ஸல்) அவர்களும் அந்த அவையில் இருந்தார்கள். நபித்துவம் பெற்ற பின்னரும் அந்நிகழ்ச்சியைப் பெருமையோடு நினைவுகூர்ந்து, இப்போதும் அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பேன் என்ற கருத்தைத் தெரிவித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று: அந்த அவையில் இருந்தவர்கள் ஒரே கொள்கையால் கூடியவர்கள் அல்லர், ஒரு நற்செயலுக்காகக் கூடியவர்கள். இரண்டு: உதவி பெற்றவர் அவர்களுடைய உறவினர் அல்லர், ஊர் பேர் தெரியாத அந்நியர். ‘அது வேறு மதத்தார் நடத்தும் அமைப்பு, நமக்கு அங்கே என்ன வேலை?’ என்று இன்று கேட்போருக்கு, அந்த இருபது வயது இளைஞரின் வரலாறு விடை சொல்கிறது.

கலீஃபாவின் முதுகில் மாவு மூட்டை

மதீனாவுக்கு வருவோம். அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் அண்டை வீட்டாரின் ஆடுகளைக் கறந்து கொடுக்கும் வழக்கமுடையவர்கள். அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்றபோது, இனி நம் ஆடுகளை இவர் எங்கே கறக்கப் போகிறார் என்று ஒரு சிறுமி ஐயுற்றாளாம். அதைக் கேள்வியுற்ற அவர்கள், ஏற்ற பதவி தம் பழைய வழக்கத்தை மாற்றாது என்று கூறித் தொடர்ந்து கறந்து கொடுத்தார்கள். ஆட்சித் தலைவரின் கை, அண்டை வீட்டு ஆட்டின் மடியில்! கற்பனை செய்து பாருங்கள்.

உமர் (ரலி) அவர்களின் இரவு உலா நாம் அறிந்ததே. ஊருக்கு வெளியே ஒரு நெருப்பு வெளிச்சம். அருகே சென்று பார்த்தால், பசியால் அழும் குழந்தைகளை ஏமாற்றி உறங்க வைப்பதற்காக வெறும் நீரை அடுப்பில் ஏற்றி வைத்திருக்கிறாள் ஒரு தாய். விரைந்து திரும்பிய கலீஃபா, கருவூலத்திலிருந்து மாவையும் கொழுப்பையும் எடுத்துத் தம் முதுகில் ஏற்றச் சொன்னார்கள். உடன் சென்ற பணியாளர் அஸ்லம், தாம் சுமப்பதாக வேண்டியும் இசையவில்லை. மறுமையில் என் சுமையை நீ சுமப்பாயா என்ற பொருளில் கேட்டார்கள். பின்னர் தாமே அடுப்பை ஊதிச் சமைத்து, குழந்தைகள் உண்டு சிரிக்கும் வரை அங்கேயே அமர்ந்திருந்தார்கள்.

மாவு பொதுக் கருவூலத்தினுடையது. அதைக் கொடுத்தனுப்ப ஓர் ஆணை போதும். ஆயினும் தோள் தம்முடையதாக இருக்க வேண்டும் என்று உமர் (ரலி) கருதினார்கள். கொடுப்பது ஒரு கடமை. சுமப்பது வேறொரு கடமை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது என்பதை அந்த இரவு நமக்குக் கற்பிக்கிறது.

பெயர் தெரியாமல் தொண்டு செய்தோரை நபி (ஸல்) அவர்கள் மறந்ததில்லை. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த ஒரு கறுப்பினப் பெண்மணி ஓர் இரவில் இறந்துபோனார். அதைப் பெரிய செய்தியாகக் கருதாத தோழர்கள், நபியவர்களை எழுப்பாமலே அடக்கம் செய்துவிட்டனர். அவரைக் காணாமல் விசாரித்த நபியவர்கள், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அவருடைய கப்ரைத் தேடிச் சென்று தொழுதார்கள். துடைப்பம் பிடித்த கைக்குக் கிடைத்த கண்ணியம் அது!

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு பாய்ந்து காயமுற்றபோது, பள்ளிவாசல் வளாகத்தில் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். காயமுற்றோருக்கு, குறிப்பாகக் கவனிக்க ஆளற்றோருக்கு, மருத்துவம் செய்வதைத் தம் தொண்டாக ஏற்றிருந்தவர் அவர். பெண்கள் பொதுத் தொண்டில் பங்கு பெற்ற வரலாறு நேற்றுத் தொடங்கியதன்று.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லாமல் கடந்து செல்ல மனம் வரவில்லை. கர்பலாவில் உயிர் தப்பிய ஹுஸைன் (ரலி) அவர்களின் புதல்வர் அலீ ஸைனுல் ஆபிதீன் அவர்கள் மறைந்தபோது, குளிப்பாட்டியவர்கள் அவர்களுடைய முதுகில் தழும்புகளைக் கண்டனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. அதே வேளையில், மதீனாவின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றின் வாயிலுக்கு இரவில் வந்துகொண்டிருந்த உணவு மூட்டைகள் நின்றுபோயின. அப்போதுதான் யாவருக்கும் உண்மை புலப்பட்டது. வாழ்நாள் முழுதும் இரவில் சுமந்தவர் யார் என்பதை, அவர் இறந்த பின் அவருடைய முதுகுதான் சொல்ல வேண்டியிருந்தது!

உலகம் கண்ட தோள்கள்

இந்தப் பண்பு ஒரு சமுதாயத்தாருக்கு மட்டும் உரியதன்று. 1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்னுமிடத்தில் பெரும் போர் நடந்தது. இறந்தவரும் காயமுற்றவருமாகச் சுமார் 40,000 பேர். வணிக அலுவலாக அவ்வழியே வந்த ஹென்றி தூனான் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், மருத்துவரின்றிக் கிடந்து துடித்தவர்களைக் கண்டார். அருகிலிருந்த காஸ்டிலியோனே ஊரின் பெண்களையும் சிறுவர்களையும் திரட்டினார். தேவாலயங்கள் மருத்துவமனைகளாயின. எந்த நாட்டுப் படைவீரன் என்று பாராமல், அவ்வூர்ப் பெண்கள் நீர் கொடுத்தனர், காயங்களைக் கழுவினர். அந்தச் சிற்றூரின் தொண்டிலிருந்துதான் 1863இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. தூனானுக்கு 1901இல் முதலாவது நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்களின் பெயரோ பெரும்பாலும் எங்குமில்லை.

நம் காலத்திற்கு அருகில் வந்தால், அப்துஸ் சத்தார் ஈதி நினைவுக்கு வருகிறார். குஜராத்தின் பாண்ட்வா ஊரில் 1928இல் பிறந்து, பிரிவினைக்குப் பின் கராச்சியில் குடியேறியவர். வாதநோயால் முடங்கிய தாய்க்குச் சிறு வயதிலேயே பணிவிடை செய்த அனுபவம் அவரை உருவாக்கியது. 1951இல் ஒரு சிறு மருந்தகத்தைத் தொடங்கினார். 1957இல் விஷக்காய்ச்சல் பரவியபோது கூடாரங்கள் அமைத்து நோயாளிகளைக் கவனித்தார். பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதைத் தாமே ஓட்டிச் சென்று நோயாளிகளையும், உரிமை கோர ஆளற்ற பிரேதங்களையும் ஏற்றி வந்தார். தாமே குளிப்பாட்டி அடக்கம் செய்தார். அந்த ஒற்றை வண்டிதான், உலகின் மிகப் பெரிய தொண்டு ஆம்புலன்ஸ் சேவை எனக் கின்னஸ் பதிவு பெறும் அளவுக்கு வளர்ந்தது.

எல்லை தாண்டி வழிதவறிச் சென்ற, காது கேளாத வாய் பேசாத ஓர் இந்தியச் சிறுமியை ஈதியும் அவருடைய துணைவியார் பில்கீஸும் வளர்த்தனர். அவள் தன் சமய வழிபாட்டைத் தொடரவும் இடம் செய்து கொடுத்தனர். 2015ஆம் ஆண்டு அக்டோபரில் அவள் இந்தியா திரும்பினாள். 2016ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் ஈதி மறைந்தார்.

கவிழ்த்து வைத்த தேக்சாக்கள்

இனி நம் தமிழகத்தைப் பார்ப்போம். சென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய தலைமுறையினர் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்பர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தால் நகருக்கு ஓடிவந்த மக்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அந்தப் பெயரில் இன்றும் வாழ்கிறது. கஞ்சி ஊற்றும் இடத்தையொட்டி ஒரு மருத்துவமனையே வளர்ந்தது என்றால், எளிய தொண்டு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை யார் அறிவார்?

கஞ்சி என்றதும் நமக்கு ரமளான் நினைவுக்கு வருகிறது. தமிழகப் பள்ளிவாசல்களில் நண்பகல் கழிந்ததும் அடுப்பு மூட்டப்படும். இளைஞர்கள் கரண்டி பிடித்துக் கிளறுவர். மாலையில், எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பர். எவரிடமும் மதம் கேட்கப்படுவதில்லை. முப்பது நாட்கள் தவறாமல் நடக்கும் இந்தத் தொண்டுக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. ஆயினும் பெருநாள் பிறை தென்பட்டதும் தேக்சாக்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்படுகின்றன. எஞ்சிய பதினொரு மாதங்கள் அந்த இளைஞர்களின் கைகள் எங்கே போகின்றன?

கவிழ்த்து வைத்த தேக்சாவை நிமிர்த்தினால் என்ன ஆகும் என்பதை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பரங்கிப்பேட்டை காட்டியது. அன்று காலை சுனாமி தமிழகக் கரையைத் தாக்கியது. மாநிலத்தில் சுமார் 8,000 பேர் உயிரிழந்தனர். கடலூர் மாவட்டத்தின் மீனவக் குப்பங்களிலிருந்து எல்லாவற்றையும் இழந்த மக்கள் பரங்கிப்பேட்டையை நோக்கி ஓடி வந்தனர். அவ்வூர் முஸ்லிம் ஜமாஅத்தார் எவருடைய ஆணைக்கும் காத்திருக்கவில்லை. திருமண விருந்துக்காகச் சமைத்திருந்த உணவு, அஞ்சி ஓடிவந்த மீனவ மக்களுக்குப் பரிமாறப்பட்டது. தங்க இடம் கொடுக்கப்பட்டது. தொடர்ந்து பல நாட்கள் பொது அடுப்பு எரிந்தது. இளைஞர்கள் இறந்தோரின் உடல்களை மீட்கும் பணியிலும் இறங்கினர். நாகூரிலோ, இறந்தவர் எந்த மதத்தவர் என்று பாராமல் அடக்கம் செய்யத் தர்காவின் நிலம் திறந்துவிடப்பட்டது.

அரசு எந்திரம் முழுமையாக இயங்கத் தொடங்குமுன் ஓர் ஊரின் ஜமாஅத்தால் இதை எவ்வாறு செய்ய முடிந்தது? விடை எளிது. பெரிய பாத்திரங்கள் இருந்தன. மண்டபம் இருந்தது. எந்தத் தெருவில் யார் சமைப்பார், யாரிடம் வண்டி உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் அழைத்தால் மற்றவர் வரும் பழக்கம் இருந்தது. பேரிடர் வந்த நாளில் இவற்றை உருவாக்க முடியாது. முன்பே இருந்தால்தான் உதவும்.

ஆர்வம் மட்டும் போதுமா?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், நம் விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்றில் தீப்பற்றியது. சுமார் 40 பேர் உயிரிழந்தனர். இறந்தோருள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர். புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிச்சென்ற சுற்றுப்புற ஊர்மக்கள். அடுத்தடுத்து நேர்ந்த வெடிப்பில் அவர்கள் சிக்கிக்கொண்டனர்.

அவர்களுடைய நல்லெண்ணத்தைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த மரணங்கள் நமக்கு ஒரு பாடத்தை விட்டுச் சென்றுள்ளன. தீயை எவ்வளவு தொலைவில் நிறுத்திப் பார்ப்பது, யாரை முதலில் அழைப்பது, தீக்காயத்தின் மீது எதைத் தடவக்கூடாது, கூட்டத்தை எவ்வாறு விலக்குவது என்பவை கற்றுக்கொள்ள வேண்டிய கல்வி. தீயணைப்பு நிலையத்தாரும் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் இவற்றைக் கற்பிக்கின்றனர். பட்டாசும் தீப்பெட்டியும் பிழைப்பாக உள்ள மாவட்டத்தில், ஒவ்வோர் ஊரிலும் பத்து இளைஞர்களேனும் முதலுதவி அறிந்திருப்பது ஆடம்பரமன்று, உயிர்க் காவல்.

பயத்தை வென்ற தொண்டையும் நாம் கண்டோம். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யச் சென்னையில் ஒரு கூட்டம் இடம் கொடுக்க மறுத்துக் கல்லெறிந்தது. நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் ஒருவர், மருத்துவமனைப் பணியாளர் இருவரின் துணையோடு தாமே மண்ணை அள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். எத்தனையோ உயிர்களைக் காத்தவருக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு நண்பரின் மண்வெட்டி. அதன் பின்னர், தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் உள்ளிட்ட பல அமைப்புகளின் தொண்டர்கள் பாதுகாப்பு உடை அணிந்து, உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களைப் பெற்று, இறந்தவரின் சமய முறைப்படியே இறுதிக் கடமைகளை நிறைவேற்றினர். அவர்களும் துணிவை மட்டும் நம்பவில்லை. முறையைக் கற்றுக்கொண்டு இறங்கினர்.

ஊசியில் நூல் கோக்க முடியாத நாள்

‘பேரிடர் வந்தால் நாங்களும் வருவோம், இப்போது செய்ய என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறீர்களா? தளவாய்புரத்திற்கே திரும்புவோம்.

தையலை நம்பி வாழும் ஓர் ஊரில், வயதாகும் தையற்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதலில் ஊசியில் நூல் கோக்கப் பேரனை அழைப்பார். பிறகு கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியாது. பிறகு எந்திரத்தின் அருகே அமர்வதையே நிறுத்திவிடுவார். ‘வயதாகிவிட்டது’ என்று வீட்டார் சொல்வர். அது வெறும் வயதாக இல்லாமல் கண்புரையாக இருக்கலாம். ஓர் எளிய அறுவையால் அந்தப் பார்வை திரும்பலாம்.

1976ஆம் ஆண்டு மதுரையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். 2006இல் அவர் மறையும் முன்பே அம்மருத்துவமனை உலகப் புகழ் பெற்றது. அதன் கிராமக் கண் முகாம்கள் எவ்வாறு நடக்கின்றன என்று தெரியுமா? மருத்துவர்களும் கருவிகளும் மருத்துவமனையிலிருந்து வருவர். ஆனால் இடம் ஏற்பாடு செய்வது, தெருத் தெருவாக அறிவிப்பது, வந்தோரை வரிசைப்படுத்துவது, பெயர் பதிவது ஆகியவை உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. அரிமா சங்கம், சுழற்சங்கம், இளைஞர் மன்றம், வழிபாட்டுத் தல நிர்வாகம் என எவரும் அந்தப் பொறுப்பை ஏற்கலாம்.

இதில் அம்மருத்துவமனையார் கண்டறிந்த ஓர் உண்மை நம் சிந்தனைக்குரியது. அறுவை இலவசம் என்று அறிவித்த பின்னரும், தேவையுள்ளோர் பலர் வரவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது தெரிந்தது: போகவரச் செலவு, சாப்பாடு, கூட வர ஆளில்லாமை, அச்சம். எனவேதான் நோயாளிகளைப் பேருந்தில் அழைத்துச் சென்று, உணவளித்து, அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடும் முறை ஏற்பட்டது.

பார்த்தீர்களா, வாசகரே! மருத்துவர் தயார், மருந்து தயார், பணமும் தயார். இருந்தும் ஒரு முதியவருக்கும் அவருடைய பார்வைக்கும் இடையே நிற்பது, ‘நான் கூட வருகிறேன், பயப்படாதீர்கள்’ என்று சொல்லும் ஒரு மனிதர் இல்லாமை! அந்த மனிதராக இருக்கப் பட்டம் தேவையில்லை, செல்வம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அவ்வாறே, ஓய்வூதிய மனு எழுதத் தெரியாத விதவைக்கு ஓர் எழுத்தறிந்த கை தேவை. அறுவைக்குக் காத்திருப்போருக்கு ஒரு குப்பி இரத்தம் தேவை. தனித்து வாழும் முதியவருக்கு வாரம் ஒருமுறை கதவைத் தட்டும் ஒருவர் தேவை. இவற்றைச் செய்யும் அமைப்புகள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அவற்றின் கதவைத் தட்டி, ‘எனக்கு வாரம் இரண்டு மணி நேரம் இருக்கிறது’ என்று சொல்வதுதான் எஞ்சியிருக்கிறது.

தொண்டுக்குரிய ஒழுங்குகள்

இதுவரை பார்த்த வரலாற்றிலிருந்து சில ஒழுங்குகளை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, தொடர்ச்சி. அபூபக்ர் (ரலி) அவர்கள் பதவி வந்த பின்னும் கறப்பதை நிறுத்தவில்லை. ஒருநாள் பேரார்வத்தோடு வந்து மறுவாரம் காணாமற்போகும் பத்துப் பேரைவிட, ஆண்டு முழுதும் தவறாது வரும் ஒருவரையே ஓர் அமைப்பு நம்பியிருக்க முடியும். நாம் தருவதாக ஒப்புக்கொண்ட நேரமும் அமானிதமே.

இரண்டாவது, கண்ணியம். ஒரு கையால் அரிசிப் பையைக் கொடுத்து மறு கையால் புகைப்படம் எடுக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. வாங்குபவரின் முகம் ஊரெங்கும் காட்டப்படும்போது, அவருடைய பசி தீர்ந்தாலும் மானம் புண்படுகிறது. ஸைனுல் ஆபிதீன் அவர்கள் இரவைத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தை இப்போது உணர்கிறோம்.

மூன்றாவது, பயிற்சி. முதலிப்பட்டியை மறவாதிருப்போம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு இறங்குவதே உண்மையான துணிவு.

நான்காவது, பாகுபாடின்மை. மக்காவின் அந்நிய வணிகரும், பரங்கிப்பேட்டைக்கு ஓடிவந்த மீனவரும் நமக்குக் கற்பிப்பது இதுதான். பசிக்கும் நோய்க்கும் மதமில்லை. உதவிக்கும் இருத்தல் ஆகாது.

ஐந்தாவது, வீட்டை மறவாமை. ஊருக்கெல்லாம் தொண்டு செய்து, தன் வீட்டுத் தாய் தந்தையைக் கவனிக்க நேரமின்றிப் போவது தொண்டாகாது. ஈதியின் பணி தாயின் படுக்கை அருகேதான் தொடங்கியது என்பதை நினைவில் கொள்வோம்.

அன்பார்ந்த வாசகர்களே! கொடுப்பதற்குப் பொருள் இல்லையே என்று ஏங்குவோர் நம்மில் பலருண்டு. அவர்களுக்கும் இந்த வரலாறு ஓர் ஆறுதல். செப்பேட்டில் பெயர் பொறிக்கும் வாய்ப்பு மன்னருக்கு வாய்க்கும். சீதக்காதியைப் போல் பழமொழியாகும் பேறு பெருவணிகருக்கு வாய்க்கும். ஆனால் தோள் எல்லாருக்கும் இருக்கிறது. ஒரு முதியவரின் கையைப் பிடித்து முகாம் வாயில் வரை நடப்பதற்கு, ஆரோக்கியமான இரு கால்களே மூலதனம்.

நாளை நம் தெருவில் கண்கட்டு அவிழ்த்த ஒரு தையற்காரர், எவர் உதவியுமின்றி ஊசியில் நூல் கோப்பார். தம்மை அழைத்துச் சென்றவரின் பெயர் அவருக்கு நினைவிருக்கலாம், இல்லாமலும் போகலாம். படைத்தவனிடம் அந்தப் பெயர் பதிவாகியிருக்கும்.

கொடுக்கும் கையையும், சுமக்கும் தோளையும், பிறர் துயரைக் கண்டு இரங்கும் நெஞ்சத்தையும் நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.